பாதியில் திரும்பிய படைவீரன்



பட்டாளத்துக்குச் சென்ற மகன் வீடு திரும்பும் வகைகள் மூன்று. பணிக்காலத்தை நிறைவு செய்து, பதக்கமும் ஓய்வூதியமும் பெற்று, இரயில் நிலையத்திலேயே மாலையோடு வரவேற்கப்படுவது ஒன்று. நாட்டுக்காக உயிரை ஈந்து, மூவண்ணக் கொடி போர்த்திய பேழையில் வருவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஊர் அறியும். ஒன்றில் மகிழும், மற்றொன்றில் தலை வணங்கும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. இருபத்தைந்து முப்பது வயதில், பணிக்காலத்தில் பாதிகூட நிறையாத நிலையில், உடல்நலம் படைப்பணிக்கு ஏற்றதன்று என்று மருத்துவக் குழு எழுதிக்கொடுத்த தாளோடு, கறுப்பு இரும்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு, விடியற்காலை வண்டியில் வந்து இறங்குகிறான் ஒரு மகன். அவனுக்கு மாலையும் இல்லை. மௌன அஞ்சலியும் இல்லை. "மெடிக்கல் போர்டில் வந்துவிட்டானாம்" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொல்ல, "ஆள் நன்றாகத்தானே நடந்து போகிறான்!" என்று மற்றவர் வியக்க, அவ்வியப்பின் அடியில் ஓர் ஐயம் ஒளிந்து கிடக்கிறது. அந்த ஐயத்தை அவன் அறிவான். அறிந்ததனாலேயே கடைத்தெருப் பக்கம் போவதை விட்டுவிடுகிறான். பின்னர் ஞாயிறு திருப்பலிக்கு வருவதையும் விட்டுவிடுகிறான்.

வேலூர் மாவட்டத்திலும் குமரி, நெல்லைப் பகுதிகளிலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று பெயர் பெற்ற வீடுகள் தெருவுக்குத் தெரு உள. அத்தகைய வீடுகளில் சிலவேனும் இந்த மூன்றாம் வகைத் திரும்புதலைக் கண்டிருக்கும். ஆகவே, அவ்வாறு திரும்பிய மகனுக்கு இல்லம் செய்யவேண்டுவது யாது என்பதை இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

முதலில், மருத்துவக் குழு என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று. அறியாமையிலிருந்தே பழிச்சொல்லில் பாதி பிறக்கிறது. நம் தரைப்படையில் ஒவ்வொரு வீரனின் நலமும் ஐந்து கூறுகளாக அளக்கப்படுகின்றது: மனநலம், செவித்திறன், கைகால்கள், பொதுவான உடல்வலிமை, கண்பார்வை. இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஷேப்' என்பர். ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை தரம் உண்டு. ஐந்திலும் 1 பெற்றவன் 'ஷேப் ஒன்று'. எந்த இடத்திலும் எந்தப் பணியிலும் நிறுத்தத்தக்கவன். தரம் குறைந்தவனை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. முதலில் தற்காலிகத் தாழ்தரத்தில் வைத்து மருத்துவம் செய்து மறுபடியும் பார்ப்பர். தேறவில்லையெனில் நிலையான தாழ்தரத்தில் வைப்பர். அவன் உடலுக்கேற்ற இலகுவான பணி இருக்குமாயின் அதில் அமர்த்துவர். எவ்வகைப் படைப்பணிக்கும் இயலாது என்ற 5ஆம் தரம் வந்தால் அவனை வெளியேற்றுவர்.

இதிலிருந்து நாம் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. பதினைந்தாயிரம் அடி உயரத்துப் பனிமலையில் சுமை தூக்கி ஏறவும், இரவெல்லாம் விழித்திருந்து துப்பாக்கி ஏந்தவும், மருத்துவர் எட்டாத இடத்தில் மாதக்கணக்கில் தங்கவும் இவ்வுடல் தாங்குமா என்பதே குழுவின் கேள்வி. தாங்காது என்பது அதன் விடை. இவன் நேர்மையானவனா, துணிந்தவனா, இனி எதற்கும் பயன்படுவானா என்பவை அக்குழுவிடம் கேட்கப்படவுமில்லை. அது விடை கூறவுமில்லை. ஒரு பணிக்குரிய தகுதியைப் பற்றி எழுதிய தாளை ஒரு மனிதனின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பாக நாம் படித்துவிடுகிறோம். ஊர் அவ்வாறு படிப்பது கொடுமை. வீடு அவ்வாறு படிப்பது அதனினும் கொடுமை. அவனே அவ்வாறு படிக்கத் தொடங்குவதுதான் எல்லாவற்றினும் கொடுமை.

தமிழர் நாம், புண்ணை மதித்த குலத்தினர். மார்பில் புண்பட்டு வீழ்ந்த மகனைக் கண்டு மகிழ்ந்த தாயரைச் சங்கப் புலவர்கள் போற்றினர். அந்த மரபு இன்றும் நம் குருதியில் ஓடுகிறது; குண்டு பாய்ந்து கால் இழந்தவனை மதிக்க நமக்குத் தெரியும். ஆனால் இதயத்தில் கோளாறு, செவியில் இரைச்சல், நீரிழிவு, முதுகுத்தண்டில் நோவு, உறக்கம் கெட்ட மனம் ஆகியவற்றோடு வருபவனிடம் காட்டுவதற்குத் தழும்பு ஏது? ஐந்து கூறுகளில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது மனநலம் என்பதைக் கருதுங்கள். கண்ணுக்குத் தெரியாத நலிவும் நலிவே என்பதைப் படை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டார் நாம் ஏற்கத் தயங்கலாமா?

அவன் இழந்தது ஊதியம் மட்டும் அன்று. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சென்றவன். எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதை எக்காளம் சொல்ல வாழ்ந்தவன். பெயரோடு ஓர் எண்ணும், தோளில் ஒரு பட்டையும், இருபுறமும் தோழரும் இருந்தனர். காலையில் எழுந்தால் தன்னை எதிர்பார்க்கும் பணி ஒன்று உண்டு என்பதில் ஐயமே இருந்ததில்லை. ஒரே கையெழுத்தில் அத்தனையும் போயின. இறப்பு நேர்ந்த வீட்டில் துக்கம் காக்க நாள்கள் உண்டு. முப்பதாம் நாள் திருப்பலி உண்டு. இந்த இழப்புக்கோ துக்கம் காக்கும் வழக்கம் ஏதும் இல்லை. வந்த மூன்றாம் நாளே "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறோம். அவன் பதில் சொல்லாமல் கொல்லைப்புறம் சென்று நிற்கிறான். அந்த மௌனத்தைச் சோம்பல் என்று பெயரிடுவோர் உளர். அது சோம்பல் அன்று, துக்கம்.

இத்தகைய வீட்டுக்கு முன்மாதிரி எங்கே என்று தேடினால், திருச்சபை வரலாற்றில் நாம் நன்கறிந்த ஒரு வீடே கண்முன் வருகிறது. ஸ்பெயின் நாட்டு லொயோலாக் கோட்டை வீடு அது.

புனித இஞ்ஞாசியாரின் மனமாற்றத்தைப் பற்றிப் பலமுறை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அதை ஒருமுறை, பாதியில் திரும்பிய படைவீரனின் கதையாகப் படித்துப் பாருங்கள். 1521 மே 20ஆம் நாள் பம்பலோனாக் கோட்டையை பிரெஞ்சுப் படை தாக்கியபோது பீரங்கிக் குண்டு அவருடைய வலக்காலை நொறுக்கி, இடக்காலையும் காயப்படுத்தியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. கட்டிலில் கிடத்தித் தூக்கிவந்து லொயோலாவில் சேர்த்தனர். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று மருத்துவர் மறுபடியும் முறித்துச் சேர்த்தனர். சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். மீண்ட பின்னரும் முழங்காலின் கீழ் ஓர் எலும்பு புடைத்து நின்றது, கால் குட்டையாயிற்று. அரசவைக் கனவான்கள் அணியும் இறுக்கமான காலணியை இனி அணிய இயலாதே என்ற ஏக்கத்தினால், மயக்கமருந்து இல்லாத அந்நாளில், அவ்வெலும்பை அறுத்தெடுக்கச் சொல்லி அந்த வேதனையைத் தாங்கிக்கொண்டார்.

அந்த அறுவையின் பொருளை எண்ணிப் பாருங்கள். தொலைந்துபோன பழைய வாழ்வை எப்படியேனும் திரும்பப் பெற வேண்டும் என்ற தவிப்பு அது. மறுபரிசோதனைக்கு மனுமேல் மனு எழுதும் நம் மகனிடத்திலும், அலமாரியில் சீருடையை மடித்து வைத்து அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நம் தம்பியிடத்திலும் இருப்பது இதே தவிப்பன்றோ? புனிதருக்கும் அது இருந்தது. ஆகவே அதைக் கண்டு எவரும் நாண வேண்டியதில்லை.

அவ்வீட்டார் செய்தது என்ன? ஏறத்தாழ ஒன்பது மாதம் அவரை வைத்துப் பேணினர். அண்ணன் மனைவி மகதலேனா அவ்வீட்டின் தலைவி. பொழுது போகாமல் வீரதீரக் கதைப் புத்தகங்களை அவர் கேட்டபோது வீட்டில் அவை இல்லை. இருந்தவை கிறிஸ்துநாதர் சரித்திரமும் புனிதர் சரித்திரமுமே; அவை அவர் கையில் கொடுக்கப்பட்டன. உபதேசம் செய்து அவரை மாற்ற எவரும் முனைந்ததாகச் செய்தி இல்லை. "இது கடவுள் சித்தம், ஏற்றுக்கொள்" என்று அவர் வாயை எவரும் அடைக்கவும் இல்லை. உணவும் மருந்தும் கொடுத்தனர், தனிமை கொடுத்தனர், நல்லது ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தனர், காத்திருந்தனர். அவ்வளவே. ஒரு சபையே பிறப்பதற்கு அவ்வளவு போதுமானதாயிற்று.

வழி அதன்பின் நேராகச் சென்றது என்று எண்ணிவிட வேண்டா. 1522 மார்ச்சில் மொன்செராத் மலையில், தேவதாயின் பீடத்தருகே, தம் வாளை வைத்துவிட்டுச் சென்றவர், மன்ரேசா ஊரில் கடுமையான மன இருளில் மூழ்கினார். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் அங்கே தம்மை அலைக்கழித்ததைப் பிற்காலத்தில் அவரே மறைக்காமல் கூறியிருக்கிறார். பீடத்தில் நாம் வைத்து வணங்கும் புனிதர் ஒருவர்க்கு நேர்ந்தது, நம் வீட்டுப் பிள்ளைக்கு நேரக்கூடாததா? அவன் உறக்கமின்றி இருந்தாலும், குடியில் விழுந்தாலும், 'நான் இருந்து என்ன பயன்' என்று சொன்னாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். அவனைத் தனியே விடாதீர்கள், நேராகக் கேளுங்கள், மனநல மருத்துவரிடம் உடன் சென்று காட்டுங்கள். 2022 முதல் நம் நாட்டில் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். செபமாலை சொல்வதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

லொயோலா வீட்டு மகன் கால் தேறி எழுந்தார். ஒருபோதும் தேறாத புண்ணோடு வாழ்ந்த வேறொரு படைவீரரும் உண்டு. அவர் புனித கமில்லுஸ். 1550இல் இத்தாலியில் பிறந்தவர். தந்தையைப்போலவே படையில் சேர்ந்து, வெனிசு நகரத்தாருக்காகத் துருக்கியரை எதிர்த்துப் பணிபுரிந்தவர். இளமையிலேயே காலில் ஒரு புண் தோன்றி ஆறவே மறுத்தது. படை கலைந்தபோது கையிலிருந்ததைச் சூதில் தோற்று, கப்புச்சின் துறவியரின் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். 1575இல் மனந்திரும்பி அத்துறவியரோடே சேர விழைந்தார். ஆனால் புண் மறுபடியும் திறந்துகொண்டது. மடம் அவரைத் திருப்பி அனுப்பியது. மறுமுறை முயன்றார், மறுமுறையும் அதே புண், அதே விடை. கடவுளின் வீட்டிலேயே 'உடல்நலம் ஏற்றதன்று' என்ற தீர்ப்பு!

உரோமை நகரில், தீராத நோயாளருக்கென அமைந்த புனித யாகப்பர் மருத்துவமனைக்குத் தம் புண்ணுக்காகவே சென்றார் கமில்லுஸ். அங்கே கிடந்த நோயாளரைக் கூலிக்கு வேலை செய்வோர் எவ்வளவு இரக்கமின்றி நடத்தினர் என்பதை நோயாளியாக இருந்தே கண்டார். அக்காட்சி அவருடைய வாழ்வுக்கு வேலை கொடுத்தது. முப்பது வயது கடந்தபின் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் கற்று, 1584இல் குருவானார். நோயாளருக்கு ஊழியம் செய்ய அவர் கூட்டிய தோழமைக்கு 1586இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது; அங்கியில் சிவப்புச் சிலுவை அணியும் உரிமையும் வந்தது. தொற்றுநோய்க் காலத்தில் உயிருக்கே ஆபத்து வந்தாலும் நோயாளரைக் கைவிடோம் என்பது அச்சபையாரின் தனி வார்த்தைப்பாடு. 1595இல் அங்கேரியில் போரிட்ட படையினருக்கு மருந்திடவும் அச்சபையினர் சென்றனர். படையைவிட்டு நீங்கிய கமில்லுஸ், தம் பிள்ளைகள் வழியே போர்க்களத்துக்கு மீண்டார். இம்முறை காயம்பட்டோரைத் தூக்க. 1614இல் இறக்கும்வரை அவருடைய கால்புண் ஆறவே இல்லை.

தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி புனித சின்னப்பர் மும்முறை மன்றாடினார் என்பதை அறிவோம். முள் எடுக்கப்படவில்லை, அருள் தரப்பட்டது. கமில்லுஸின் புண்ணும் அத்தகையதே. ஒன்றைமட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: இவ்வுண்மையை நோயுற்றவன் தானே கண்டடைய வேண்டும். நலமாக இருக்கும் நாம் அவன் கட்டிலருகே நின்று, "உனக்கு இந்த நோய் வந்தது நன்மைக்கே" என்று சொல்வது ஆறுதல் அன்று; புண்ணில் உப்பிடுவதாகும்.

நிற்க. பக்தியும் பொறுமையும் பேசிவிட்டு, அவனுக்கு நாடு தரவேண்டியதைப் பெற்றுத்தர மறந்துவிடலாகாது. உரிமையைக் கேட்பது பேராசை அன்று, நீதி. மருத்துவக் காரணத்தால் வெளியேறிய வீரனுக்கு இரு வழிகள் உள்ளன. படைப்பணியினால் அந்த ஊனமோ நோயோ வந்தது, அல்லது முன்பே உள்ளுக்குள் இருந்தது படைப்பணியினால் முற்றியது என்று ஏற்கப்பட்டு, ஊனத்தின் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கலாம். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று கூறப்பட்டால் இயலாமை ஓய்வூதியம் ஒன்று உண்டு. முன்னர் அதற்குப் பத்தாண்டுப் பணி வேண்டியிருந்தது. 2019 சனவரி 4 அன்றோ அதன் பின்னரோ பணியில் இருந்தவர்க்குப் பத்தாண்டு நிறையாவிடினும் அது உண்டு என்று 2020 சூலையில் பாதுகாப்பு அமைச்சகம் ஆணையிட்டது.

பலர் தோற்பது 'பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை' என்ற ஒரு வரியில்தான். இதுபற்றி உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் என்னும் வீரரின் வழக்கில் தெளிவான தீர்ப்பு வழங்கியுள்ளது: படையில் சேரும்போது எடுத்த குறிப்பில் அந்த நோய் எழுதப்படவில்லையெனில், அவன் நலமாகவே சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும்; தொடர்பில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. பின்னர் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. ஆகவே மகன் வெளியேறிய நாளுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்க்கு ஓய்வூதியம் இல்லை. பணியினால் ஊனமுற்றால் ஊனத்தின் அளவை 50, 75, 100 விழுக்காடு என வகுத்து, முறையே 15, 25, 44 இலட்ச ரூபாய் ஒருமுறைத் தொகையாகத் தரப்படும் என அத்திட்டம் கூறுகிறது.

இவற்றுக்காகத் தரகர் எவரையும் நாட வேண்டா. ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு, அங்கே செல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மருத்துவக் குழுவின் நடவடிக்கைத் தாள்களையும் பத்திரமாக வையுங்கள். அத்தாள்களின் படி கையில் இல்லையெனில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் படைத்துறைக்கே மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தீராவிடில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. முறையீட்டுக்குக் கால வரம்பு உண்டென்பதை மறவாதீர்கள். மறுப்புக் கடிதத்தைச் சாமிப்படத்தின் பின்னே செருகி வைத்துவிட்டு ஆண்டுகளைக் கழித்தோர் பலர். துயரத்தில் இருக்கும் மகன் தன் தாள்களைத் தானே தேடமாட்டான். தந்தையோ, தமையனோ, படித்த தங்கையோ அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வது பெரிய அன்புச்செயல்.

அடுத்தது வேலை. இரக்கம் ஒரு மாதத்துக்கு மருந்து. ஓராண்டுக்கு நீடித்தால் நோய். 'நீ உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எல்லாவற்றையும் அவன் கையிலிருந்து பிடுங்கிவிடும் வீடு, மருத்துவக் குழு சொல்லாத தீர்ப்பைத் தானே சொல்லிவிடுகிறது. அவன் உடல் தாங்கும் அளவுக்கு உண்மையான வேலை ஒன்றை, அது இல்லாவிட்டால் வீடு தடுமாறும் என்னும் வேலை ஒன்றை, அவனிடம் ஒப்படையுங்கள். கணக்கெழுதுவதாயினும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதாயினும், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதாயினும் ஆகலாம். பிறகு வெளிவேலைக்கு வழி தேடலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு.

படையும் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது. முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் தோன்றிய இராணி மேரி தொழிற்பயிற்சி நிலையம் புனே நகரை அடுத்த கிர்க்கியில் இருக்கிறது. செயற்கைக் கைகால் நிலையம் 1944இலேயே புனேயில் தொடங்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்விழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு இல்லம் 1974இல் கிர்க்கியில் எழுந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து வாயில் தூரிகையைக் கவ்வி ஓவியம் தீட்டக் கற்றவர்களும் அங்கே உளர்.

முரளிகாந்த் பேட்கர் என்னும் வீரரை இங்கே நினைவுகூர்தல் தகும். படையில் குத்துச்சண்டை வீரராக விளங்கியவர். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து நடக்கும் ஆற்றலை இழந்தார். குத்துச்சண்டை அவரைக் கைவிட்டது. மருத்துவத்தின் பகுதியாக நீந்தத் தொடங்கினார். 1972இல் செர்மனியின் ஐடல்பர்கு நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். அவ்விளையாட்டில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. பத்மஸ்ரீ விருது 2018இல்தான் அவரை வந்தடைந்தது. எல்லோருக்கும் தங்கம் கிடைக்காது. ஆனால் காலை இழந்தவனைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்கும் துணிவு எந்த வீட்டுக்கும் கிடைக்கக்கூடியதே.

மனைவியர்க்கு ஒரு சொல். கணவன் விடுப்பில் வரும் நாள்களை எண்ணி வாழப் பழகிய நீங்கள், இப்போது அவர் நாள்தோறும் வீட்டில் இருக்கக் காண்கிறீர்கள். இத்தனை ஆண்டுகள் நீங்களே நடத்திய குடும்பத்தில் அவருக்கு இடமெங்கே என்பது இருவருக்கும் விளங்காமல் உரசல் எழும். அது இயல்பு. உங்கள் களைப்பையும் மறைக்க வேண்டா. நோயுற்றவரைச் சுமப்பவருக்கும் தோள் வலிக்கும். அதைச் சொல்ல ஒரு தாயோ, தோழியோ, அருட்சகோதரியோ உங்களுக்கு வேண்டும்.

பங்கு மக்களுக்கும் ஒரு சொல். சனவரி 26ஆம் நாளும் ஆகஸ்டு 15ஆம் நாளும் கோவில் முற்றத்தில் கொடியேற்றுகிறோம். ஓய்வுபெற்ற சுபேதாரை அழைத்து முன்வரிசையில் அமர்த்துகிறோம். அடுத்த முறை, பாதியில் திரும்பிய அந்த இளைஞனையும் அழையுங்கள். அவனுடைய நோயின் பெயரைக் கேட்க வேண்டா. எந்த இரெஜிமெண்டில் இருந்தான், எந்த எல்லையில் நின்றான் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பின்னர் பாடகர் குழுவிலோ, இளைஞர் பயிற்சியிலோ, புனித வின்சென்ட் தே பவுல் சபையின் இல்லச் சந்திப்பிலோ அவனுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்து எழுந்தவன், நோயாளர் வீட்டு வாசலில் எப்படி நிற்க வேண்டும் என்பதை நம்மினும் நன்கு அறிவான்.

இறுதியாக, இவ்விதழைக் கையில் ஏந்தியிருக்கும் தம்பி, உனக்கு. நீ ஓடி வரவில்லை; அனுப்பப்பட்டாய். சேரும் நாளில் உடல், உயிர் இரண்டையும் தருவதாக வாக்களித்தாய். நாடு அவ்வாக்கை ஏற்றுக்கொண்டது. நீ கொடுத்த ஆண்டுகள் குறைவாயினும் அவை முழுமையாகக் கொடுக்கப்பட்டவை. துக்கப்பட உனக்கு உரிமை உண்டு, அதை அவசரப்படுத்தாதே. மருந்தை நிறுத்தாதே. தாள்களைத் தொலைக்காதே. பழைய தோழர்களுக்கு நாணத்தினால் எழுதாமல் இராதே. அடுத்த பணி எது என்பது இன்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். லொயோலாக் கட்டிலில் கிடந்தவருக்கும் தெரியவில்லை. மடத்து வாசலில் இருமுறை திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் தெரியவில்லை.

பெற்றோரே, அவன் இரவில் விழித்திருக்கும்போது விளக்கை அணைக்கச் சொல்லி அதட்டாமல், எழுந்து வந்து சற்று அருகே அமருங்கள். ஒன்றும் பேச வேண்டா. உடலின் காயங்களோடே உயிர்த்தெழுந்து, அக்காயங்களைத் தம் சீடருக்கு மறைக்காமல் காட்டிய ஆண்டவர், அந்த மௌனத்தில் உங்களோடு இருப்பாராக.